ஆறு காலும் எங்கிருந்து முளைக்கின்றன?

பூச்சிகளையும் சுற்றுச்சூழலையும் வைத்து கிராஃபிக் நாவல் செய்ய முனைவோர் சந்தேகங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கட்டுக்கட்டாக வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பூச்சியியல் தெரிந்த ஒருவரும் ஓவியமும் அச்சும் தெரிந்த ஒருவருமாகப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு தேனீதான் நாயகி. பூச்சிமருந்துக் கம்பெனி முதலாளி வில்லன். 96 பக்கம். படித்தவர்கள் எல்லாரும் ‘பிரசாரம்’ என்கிறார்கள். எங்கே தவறு? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முதலாளி முதல் பக்கத்திலேயே மீசையை முறுக்கிக்கொண்டு வருகிறார், கடைசிப் பக்கத்தில் தோற்கிறார். நடுவில் வாசகர் தானாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. அதுதான் தவறு. இந்த மாதிரிக் கதைக்கு வில்லனே வேண்டாம். ஒரு பூச்சியின் பிழைப்பைச் சரியாகத் தெரிந்துகொண்டால் திருப்பம் அதற்குள்ளேயே இருக்கும். தஞ்சாவூரில் இருந்துகொண்டு தேனீயைத் தேடுவானேன்? வயலில் புகையான் இருக்கிறதே.

புகையான் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்புத் தத்துப்பூச்சி. தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து தூரை விலக்கினால்தான் தெரியும். முற்றிப்போனால் வயலில் வட்டவட்டமாகப் பயிர் காய்ந்து, தீய்ந்தது போலக் கிடக்கும். முதலில் பறந்து வருபவற்றுக்கு நீளமான இறக்கை. வந்த இடத்தில் சாறு தாராளமாகக் கிடைத்தால் அடுத்த தலைமுறையில் பெரும்பாலும் குட்டை இறக்கைக்காரிகள். அவை பறக்காது, முட்டையிடுவதுதான் வேலை. பயிர் காயத் தொடங்கியதும் மறுபடி நீள இறக்கை. ஒரே பூச்சிக்கு இரண்டு உருவம் என்பதை எழுத்தில் விளக்கப் பத்து வரி வேண்டும், படத்தில் இரண்டு கட்டம் போதும்.

இனி திருப்பம். புகையான் முட்டையை இலையுறைத் திசுவுக்குள் செருகி வைக்கும். மருந்து அடித்த அன்று மாலை வயல் வெறிச்சென்று இருக்கும், விவசாயிக்கு நிம்மதி. ஆனால் செத்தது யார் யார்? ஒரு நாளில் பல புகையான்களைப் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்தி. இலையுறைக்குள் ஊசிவாயை விட்டு முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி. முட்டைக்குள் முட்டையிடும் பொடிக் குளவி. உறைக்குள் இருந்த புகையான் முட்டைகளில் பெரும்பாலானவை பிழைத்தன. ஒரு வாரம், பத்து நாளில் அவை பொரிக்கும்போது வயலில் எதிரியே இல்லை. இரண்டாம் முறை மருந்து, மூன்றாம் முறை. யூரியாவை அள்ளிப் போட்டுப் பயிரைக் கருகருவென்று வளர்த்திருந்தால் இன்னும் மோசம், தழைச்சத்து மிகுந்த சாறு புகையானுக்கு விருந்து. இதில் கெட்டவர் யாரும் இல்லை பாருங்கள். நல்லது செய்கிறேன் என்று நினைத்த ஒருவர் கையாலேயே கேடு நடக்கிறது. வாசகருக்கு வலிக்கும் இடம் அது.

இது ஒரு நாடு முழுவதற்குமே நடந்திருக்கிறது. இந்தோனேசியாவில் 1970களிலும் 80களிலும் மானிய விலையில் மருந்து கொடுத்து நெல்லுக்கு அடிக்கவைத்தார்கள். புகையான் பெருகியது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஒரே ஆணையில் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கத் தடை விதித்தார். 1989இல் அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் இறங்கித் தூர்களில் இருப்பதை எண்ணுவார்கள். பிறகு பெரிய தாளில் வண்ணக்குச்சியால் நெற்பயிரை நடுவில் வரைந்து, ஒரு பக்கம் பயிரைத் தின்பவை, மறுபக்கம் அவற்றைத் தின்பவை, மேலே வெயிலா மேகமா, கீழே தண்ணீர் எவ்வளவு என்று குறிப்பார்கள். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது அந்தப் படத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு. உங்கள் நாவலுக்கு வடிவம் தேடி அலைய வேண்டாம், விவசாயிகளே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

96 பக்கம் என்பது அச்சில் ஆறு ஃபாரம்; 16 பக்கம் ஒரே தாளில் அச்சாகி மடிவது ஒரு ஃபாரம். ஒவ்வொரு ஃபாரமும் வயலில் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கமும் அந்தத் தாள்: ஒரே தூர், ஒரே கோணம், ஒரே அளவு. பயிர் மட்டும் வளர வேண்டும், பூச்சிகள் மட்டும் மாற வேண்டும். மூன்றாம் தாளில் சிலந்திப் பக்கம் காலியாக இருப்பதை யாரும் சொல்லாமல் வாசகரே பார்த்துவிடுவார். அங்கே வசனப் பலூன் எதுவும் போடாதீர்கள்.

கேள்வி: மாணவர்கள் வரையும் பூச்சிகள் பார்க்க அழகாக இருக்கின்றன, ஆனால் ஏதோ சரியில்லை. எதை முதலில் திருத்துவது? (ஓவிய ஆசிரியை, தென்காசி)

பதில்: காலை. தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி. ஆறு காலும் மார்பிலிருந்துதான் முளைக்கும், இறக்கைகளும் அங்கிருந்துதான். குழந்தைகள் மட்டுமல்ல, விளம்பரப் படம் போடுகிறவர்கள்கூட எறும்பின் வயிற்றில் இரண்டு காலை ஒட்டிவிடுகிறார்கள். மார்புக்கு மூன்று வளையம், வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால் என்று பென்சிலில் முதலில் மூன்று வட்டம் போட்டுப் பழக்குங்கள். இறக்கை இரண்டாம், மூன்றாம் வளையத்தில். ஈக்கும் கொசுவுக்கும் பறக்க ஒரே ஜோடி. பின் ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல இரண்டு சிறு குமிழ் இருக்கும், அவை சமநிலைக்கு. வண்டின் முதுகு ஓடு முன்னிறக்கை. அது பறக்கும்போது ஓடு விரிந்து நிற்க, உள்ளே மடித்து வைத்த மெல்லிய இறக்கைதான் அடிக்கும். மூடிய ஓட்டோடு பறக்கும் பொறிவண்டை வரைந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

அடுத்தது வாழ்க்கைச் சுற்று. முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்ற நான்கு படி வண்ணத்துப்பூச்சி, வண்டு, தேனீ, ஈ ஆகியவற்றுக்கு. தட்டான், வெட்டுக்கிளி, சில்வண்டு, நாவாய்ப்பூச்சி, கரப்பான் எதற்கும் கூட்டுப்புழு கிடையாது. தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள் கழிந்து, ஒரு நாள் நாணல் தண்டில் ஏறி, முதுகு வெடித்துத் தட்டான் வெளியே வரும். குளத்தை நாலு பக்கமும் சிமெண்டால் பூசி, செடி ஒன்றுகூட இல்லாமல் செய்தால் அது எதைப் பிடித்து ஏறும்? ‘நீர்நிலையைக் காப்போம்’ என்று பலூனில் எழுதுவதற்குப் பதில், வழவழப்பான சுவரில் வழுக்கி வழுக்கி விழும் ஒரு தட்டான் குஞ்சை வரைந்தால் போதும்.

சிறு சிறு பிழைகள் இன்னும் உண்டு. உட்கார்ந்திருக்கும் தட்டான் இறக்கையை விரித்து வைக்கும், ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை முதுகின் மேல் சேர்த்து மடிக்கும். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் உருண்டிருக்கும். அந்துப்பூச்சியினுடையது நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். வண்ணத்துப்பூச்சியின் கம்பளிப்புழுவுக்கு மார்பில் மூன்று ஜோடி உண்மைக் கால்; வயிற்றில் நான்கு ஜோடி, வால் நுனியில் ஒரு ஜோடி சதைக் கால். உடம்பு முழுக்கக் கால் வைத்தால் அது மரவட்டை ஆகிவிடும். சாணி உருட்டும் வண்டு தலைகீழாக நின்று, முன்கால்களைத் தரையில் ஊன்றி, பின்கால்களால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு பின்னோக்கிப் போகும். இதைக் கைவண்டி தள்ளுவது போல முன்கால்களால் தள்ளவைப்பதுதான் உலகமெங்கும் நடக்கும் தவறு.

கேள்வி: சில்வண்டுச் சத்தத்தை எங்கிருந்து வருவதாக வரைவது? இறக்கையிலிருந்தா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: மரத்தில் கத்தும் சில்வண்டுக்கு வயிற்றின் அடிப்பகுதியில் இரு பக்கமும் முரசுத்தோல் போன்ற சவ்வு உண்டு, சத்தம் அதிலிருந்து. கத்துவது ஆண் மட்டும். இரவில் வீட்டு மூலையில் கிரீச்சிடும் பாச்சை (சுவர்க்கோழி) முன்னிறக்கைகளை ஒன்றோடொன்று உரசும். குட்டைக் கொம்பு வெட்டுக்கிளி பின்காலை இறக்கையில் உரசும். சத்த எழுத்தை அந்தந்த இடத்திலிருந்து கிளப்புங்கள். காது? பாச்சைக்கு முன்காலில், வெட்டுக்கிளிக்கு வயிற்றின் முதல் வளையத்தில். தலையில் தேடாதீர்கள்.

கேள்வி: தேனீயின் கண்ணால் பார்ப்பது போல ஒரு பக்கம். அறுங்கோணக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதே பூவை வரைந்தேன். சரிதானா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: பழைய சினிமா தந்திரம், விட்டுவிடுங்கள். வேலைக்காரத் தேனீயின் ஒரு கண்ணில் சுமார் 5,000 சிறுகண்கள் உண்டு. ஒவ்வொன்றும் முழுப் பூவையும் பார்ப்பதில்லை, காட்சியின் ஒரு புள்ளியை மட்டும் பார்க்கிறது. எல்லாப் புள்ளியும் சேர்ந்து ஒரே படம், ஆனால் மங்கலான படம். இரண்டு புள்ளிகளுக்கு இடையே சுமார் ஒரு பாகை. கணக்குப் போட்டால், 10 செ.மீ. அகலப் பூ ஏறக்குறைய 6 மீட்டர் தூரத்தில் ஒரே ஒரு புள்ளி.

செய்முறை இது. தோட்டத்தின் படம் ஒன்றை எடுத்து, 150 பிக்ஸல் அகலத்துக்குச் சுருக்கி, மறுபடி பக்க அளவுக்குப் பெரிதாக்குங்கள். தேனீக்குச் சிவப்பு தெரியாது, எனவே சிவப்பு உள்ள இடங்களைக் கருமையாக்குங்கள். அதற்குப் புற ஊதா தெரியும்; நம் மைகளில் அது கிடையாது என்பதால் ஒரு நிறத்தை, ஊதா என்று வையுங்கள், புற ஊதாவுக்கென்றே ஒதுக்கி நாவல் முழுவதும் வேறு எதற்கும் தொடாதீர்கள். சூரியகாந்தி நமக்கு ஒரே மஞ்சள். தேனீக்கு இதழின் நுனி புற ஊதாவில் ஒளிர, அடி இருண்டு, நடுவில் இலக்கு வட்டம் போலத் தெரியும். நம் கண்ணில் ஒரு கட்டம், தேனீ கண்ணில் அடுத்த கட்டம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கமே தேவையில்லை.

இன்னொன்று, நேரம். நொடிக்கு 200 தடவை மினுக்குவதைக்கூடத் தேனீயால் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்குகிறது; நமக்கு அது நிலையான வெளிச்சம், அதற்கு விட்டுவிட்டு எரியும் விளக்கு. ஆகவே தேனீ பார்க்கும் காட்சிக்கு அதே நேரத்துக்கு அதிகக் கட்டங்கள் வேண்டும். கையை ஓங்கி அடிக்க வருபவரை நமக்கு ஒரு கட்டத்தில் காட்டினால், தேனீக்கு நான்கு கட்டத்தில் காட்டுங்கள்.

கூட்டுக்குள் போகும் பக்கங்களுக்கு ஒரு குறிப்பு. பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டும் நம் தேனீயின் கூடு உள்ளே இருட்டு. பூ இருக்கும் திசையைச் சொல்லும் ஆட்டம் செங்குத்தான அடையின் மேல் நடக்கும். நேர் மேலே ஓடினால் ‘சூரியன் இருக்கும் பக்கம்’, செங்குத்திலிருந்து 40 பாகை வலப்புறம் சாய்ந்து ஓடினால் ‘சூரியனுக்கு 40 பாகை வலப்புறம்’. இதை அவிழ்த்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் கிடைத்தது. மற்றத் தேனீக்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, உணர்கொம்பால் தொட்டுத் தெரிந்துகொள்கின்றன. எனவே ஆடுகிறவளை ஒட்டியே நாலைந்து பேரை நெருக்கி வரையுங்கள். ஆட்டக்காரியும் பார்வையாளர்களும் எல்லாரும் பெண்கள்தான், மீசை வைத்த சிப்பாய்த் தேனீ வேண்டாம். குச்சியில் வெட்டவெளியாகக் கட்டும் கொம்புத்தேனீ அடையின் தட்டையான மேற்புறத்தில் வெயிலிலேயே ஆடும். அதற்குக் கோணக் கணக்கு வேண்டாம், நேராகப் பூவின் திசையிலேயே ஓடும்.

கேள்வி: இரவுக் காட்சிகள் நிறைய. விளக்கைச் சுற்றும் பூச்சிகள், மின்மினி, நட்சத்திர வெளிச்சத்தில் சாணி வண்டு. அறிவியல் இடிக்காமல் இருக்குமா? அச்சில் எல்லாம் கருப்பாகிவிடுமோ என்றும் பயம். (ஓவியர், கோயம்புத்தூர்)

பதில்: சாணி வண்டு இடிக்காது. தென்னாப்பிரிக்காவின் இரவு வண்டு ஒன்று பால்வீதியின் ஒளிப்பட்டையை வைத்து நேர்கோட்டில் உருட்டிச் செல்வது 2013இல் வெளியான ஆய்வு. வண்டின் தலையில் அட்டைத் தொப்பி மாட்டி வானத்தை மறைத்தபோது அது கோணல்மாணலாகப் போனது. தொப்பி போட்ட வண்டு! வரையாமல் விட்டுவிடாதீர்கள்.

விளக்கைச் சுற்றும் பூச்சி, ‘நிலவென்று நினைத்து ஏமாறுகிறது’ என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 2024இல் அதிவேகக் கேமராவில் பதிவு செய்து பார்த்ததில் வேறு கதை. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்துக்குக் காட்டும். வானம்தான் எப்போதும் வெளிச்சம் என்பதால் காலங்காலமாக அதுவே ‘மேலே எது’ என்று அறியும் வழி. விளக்கு பக்கவாட்டில் இருந்தால் முதுகை அதன் பக்கம் சாய்த்துக்கொண்டே சுற்றும், கீழே இருந்தால் மல்லாந்து விழும். எனவே விளக்கை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டு பாயும் அந்துப்பூச்சிகளை அழித்துவிட்டு, எல்லா முதுகையும் பல்பின் பக்கம் திருப்புங்கள். படம் சட்டென்று வேறாகிவிடும், விளக்குக்குக் குடைபோலத் தொப்பி போட்டு வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் அனுப்பச் சொல்வதன் காரணமும் அதிலேயே புரியும்.

மின்மினி ஒரு வண்டு. ஒளி வயிற்றின் அடி நுனியில். ஆணும் பெண்ணும் மினுக்கலால் பேசிக்கொள்பவை என்பதால் தெருவிளக்கு அந்தப் பேச்சைக் கெடுக்கிறது. அச்சில் அந்தப் பச்சை மஞ்சள் ஒளி திரையில் தெரிவது போல வராது, நான்கு வண்ண மைக்கு அந்தப் பிரகாசம் இல்லை. ஒளியை நிறத்தால் காட்டாமல் சுற்றியுள்ள இருட்டால் காட்டுங்கள்: ஒளிப்புள்ளியின் மையத்தில் தாளின் வெள்ளையையே விட்டு, அதைச் சுற்றி வெறும் மஞ்சள் ஒரு வளையம், பிறகு நீலம். இருட்டுக்குச் சயான் 100, மெஜந்தா 70, கருப்பு 50, மஞ்சள் பூஜ்யம் (எல்லாம் சதவீதம்) என்று தொடங்கலாம். நான்கு மையின் கூட்டுத்தொகை வழவழப்பான ஆர்ட் பேப்பரில் 300ஐத் தாண்டக்கூடாது, மேற்பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளில் 250க்குள் நிற்பது நல்லது. தாண்டினால் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். இருட்டு வண்ணப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் 10 பாயிண்டுக்குக் குறையவே வேண்டாம். மைகள் இம்மியளவு நகர்ந்தாலும் எழுத்துக்குள் இருக்கும் சுழி அடைபட்டுப் போகும்.

கேள்வி: பார்த்து வரைவதற்காக வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்துக் குத்தி வைக்கலாமா? (பள்ளி மாணவி, மதுரை)

பதில்: வேண்டாம். பல வண்ணத்துப்பூச்சிகளும் சில வண்டுகளும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் இருக்கின்றன. அதோடு, குத்தி விரித்த பூச்சியைப் பார்த்து வரைந்தால் செத்த பூச்சியைத்தான் வரைவீர்கள். உயிரோடு உட்காரும்போது இறக்கை அப்படி விரியாது.

எருக்கஞ்செடி ஒன்றைத் தேடுங்கள். இலையின் அடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி இட்ட வெளிர் முட்டை தனித்தனியாக இருக்கும். ஓர் இலையோடு ஒரே ஒரு புழுவை எடுத்து, 2 லிட்டர் அகலவாய் டப்பாவில் வைத்து, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். அடியில் காகிதம். தினமும் காகிதத்தையும் இலையையும் மாற்ற வேண்டும். எச்சம் ஈரமாகத் தங்கினால் பூஞ்சணம் வந்து புழு இறந்துவிடும். மருந்து அடித்த வயலோரச் செடியின் இலை ஆகாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, இலை பறித்த கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புழு நான்கு முறை தோலுரிக்கும். உடம்பில் மஞ்சள், கருப்பு, வெள்ளைப் பட்டைகளும் மூன்று ஜோடிக் கருப்பு இழைகளும் இருக்கும். ஒவ்வொரு உரிப்புக்குப் பின்னும் ஸ்கேல் வைத்து அளந்து ஒரு படம் வரையுங்கள். இரண்டு வாரத்தில் தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகும், அதற்கு ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். இன்னும் ஒன்பது பத்து நாளில் பூச்சி வெளிவரும். இறக்கை சுருங்கித்தான் இருக்கும். தொங்கி விரிக்க இடம் வேண்டும், ஓரிரு மணி நேரம் தொடக்கூடாது. பிறகு அதே செடியில் விட்டுவிடுங்கள். சில சமயம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் ஈயோ குளவியோ வெளியே வரும். புழுவின் மேலோ உள்ளேயோ முன்பே இடப்பட்ட முட்டையிலிருந்து வளர்ந்த ஒட்டுண்ணி அது. அழாதீர்கள், அதையும் வரையுங்கள். எருக்கஞ்செடி முழுவதும் புழுவாகிவிடாமல் இருப்பதற்கு அவையும் ஒரு காரணம்.

கேள்வி: பொறிவண்டு ‘நல்ல பூச்சி’ என்று எழுதினோம். கத்தரித் தோட்டத்தில் அதுவே இலையைச் சல்லடையாக்குகிறதே என்று விவசாயி ஒருவர் கேட்டார். (ஆசிரியர், திண்டுக்கல்)

பதில்: அது எபிலாக்னா வண்டு, பொறிவண்டின் உறவுக்காரன். உடம்பில் நுண்ணிய முடி இருப்பதால் மினுமினுப்பு இராது, புள்ளிகள் அதிகம், பெரும்பாலும் 28. புழு மஞ்சள், முதுகெங்கும் கிளைத்த முள். செடியின் சாறு உறிஞ்சும் அசுவினியைத் தின்னும் பொறிவண்டு வார்னிஷ் அடித்தது போல மின்னும்; அதன் புழு கருப்பாகக் குட்டி முதலை மாதிரி இருக்கும். அதைப் பயிரைத் தின்னும் பூச்சி என்று நினைத்து நசுக்குகிறவர்களே அதிகம். நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘இலை தின்பவை’, ‘அசுவினி தின்பவை’ என்று எழுதுங்கள்.

கேள்வி: பலூனுக்குள் தமிழ் எழுத்து உடைந்து போகிறது, ‘கொ’ என்பது வட்டமும் கொம்புமாக வருகிறது. அச்சகத்தில் எழுத்து மங்கலாகவும் வந்தது. (வடிவமைப்பாளர், சிவகாசி)

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய். வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்பதையும், இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரையும் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தால், நாளை மின்னூல் போடும்போது மொத்தத்தையும் யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்க்க வேண்டியிருக்கும். அச்சுக்கு அனுப்பும் பி.டி.எஃப்பில் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றுங்கள், மாற்றாத மூலக் கோப்பு ஒன்றைத் தனியே வையுங்கள்.

மங்கலுக்குக் காரணம், எழுத்து நான்கு மையிலும் பிரிந்திருக்கும். வசன எழுத்து கருப்பு 100 மட்டுமாக, மற்ற மைகளின் மேல் அச்சாகும்படி இருக்க வேண்டும். கோட்டோவியத்தை 600 டி.பி.ஐ.க்கு (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) குறையாமலும், வண்ணத்தை 300இலும் ஸ்கேன் செய்யுங்கள். பூச்சிக் காலின் முள் 300இல் படிக்கட்டு போலத் தெரியும்.

பலூனை முதலில் வரைந்து எழுத்தைத் திணிக்காதீர்கள். வசனத்தை அடித்து வைத்து, சுற்றிப் பலூன் போடுங்கள். தமிழ்ச் சொல் நீளம், வரிக்கு இரண்டு மூன்று சொல், ஒரு பலூனில் பதினைந்து சொல் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே கூ, மேலே கீ என்று எழுத்து இரு பக்கமும் நீள்வதால் 10 பாயிண்ட் எழுத்துக்கு 13 பாயிண்ட் வரி இடைவெளி வேண்டும். வெட்டு ஓரத்தில் 3 மி.மீ. கூடுதல் ஓவியம், நடுத்தையல் பக்கம் 12 மி.மீ.க்குள் முகமோ வசனமோ கூடாது. இரண்டு பக்கம் விரியும் தட்டானை நடுவில் வைத்து, அதன் மார்பை மடிப்புக்குள் புதைத்துவிடுகிறார்கள். உடலை ஒரு பக்கத்துக்குத் தள்ளி, இறக்கை மட்டும் மடிப்பைத் தாண்டட்டும்.

தாள் 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்றால் பின்பக்க இருட்டு முன்பக்கம் தெரியும். 100 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, அட்டைக்கு 300. முந்நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு, மேலே போனால் ஆஃப்செட் என்று விலை கேட்டுப் பாருங்கள். அச்சுத் தகடு (பிளேட்) போடும் முன் ஒரு ஃபாரத்தையாவது அதே தாளில் எடுத்து, மடித்து, இரவுப் பக்கங்களை டியூப்லைட்டிலும் வெயிலிலும் பாருங்கள்.